குற்றம் இணையப் பாடத்திலா? வினாத்தாளிலா?

முன்னுரை

தமிழ்த்துறைகளின் கருத்தரங்குகளிலும் பாடத்திட்டக் குழுக் கூட்டங்களிலும் ஒரு வழக்கு ஓயாது நிகழ்ந்துவருகிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களால் மாணவர் கெட்டனர் என்பது ஒரு சாராரின் கூற்று. அவற்றால் மாணவரின் தேர்ச்சி உயர்ந்தது என்பது மற்றொரு சாராரின் கூற்று. முன்னவர் மூலநூல் வாசிப்பு அருகியதைச் சான்று காட்டுவர். பின்னவர் மதிப்பெண் பட்டியலைச் சான்று காட்டுவர். இரு சாராரும் காட்டும் சான்றுகள் உண்மையே. அவற்றிலிருந்து அவர்கள் பெறும் முடிபுகளே பிழையானவை.

மூலநூல் வாசிப்பு அருகியும் மதிப்பெண் உயர்கிறது என்றால், மூலநூலைப் படியாமலே விடை எழுதத்தக்க வினாக்களை நாம் கேட்டுவருகிறோம் என்பதே பொருள். ஆதலின் முதற்கண் விசாரணைக்கு உரியது இணையப் பாடம் அன்று. நாம் குறித்துத் தரும் வினாத்தாள். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றுவிக்கும் துறைகளின் நிலை இங்குச் சிறப்பாகக் கருதப்படுகிறது. அத்துறைகளின் மாணவர்க்கு இணையம் ஒரு வசதி மட்டும் அன்று. பல வேளைகளில் அதுவே நூலகம்.

நானூறு பாடல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை முதலாமாண்டு உள்தேர்வுக்கு, 'எட்டுத்தொகை நூல்களுள் புறநானூறு பெறும் சிறப்பிடத்தை விளக்குக' என்றொரு வினாவை நான் குறித்திருந்தேன். விடைத்தாள்களைத் திருத்தியபொழுது ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே செய்திகள் ஒரே வரிசையில் வந்தன. தொடரமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. மாணவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. அனைவரும் ஓர் இணையப் பாடத்தைப் படித்து எழுதினர் என்பது பின்னர்த் தெரிந்தது. சினத்தோடு அப்பாடத்தைத் திறந்து பார்த்தேன். அதில் குறை காண இயலவில்லை. என் வினாவுக்கு அது முறையான விடை. அவ்விடைக்கு நான் வழங்கியிருந்த மதிப்பெண்ணும் குறைவன்று.

புறநானூற்றில் நானூறு பாடல்கள் உள்ளன என்று அனைவரும் எழுதியிருந்தனர். 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை என்பதையோ, பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது என்பதையோ, அடிகள் சிதைந்த பாடல்களும் அந்நூலுள் உள என்பதையோ ஒருவரும் குறிக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சு ஒன்றை ஒருமுறை புரட்டியவர்க்கும் இவை புலப்படாமல் இரா. ஆயின் என் வினா இவற்றைக் கேட்கவில்லை. இவற்றை எழுதாதவர் மதிப்பெண் எதனையும் இழக்கவில்லை.

அடுத்த உள்தேர்வில் அதே மாணவர்க்கு வினாவை மாற்றினேன். பழைய உரை கிடைக்காத பகுதியிலிருந்து ஒரு பாடலை வினாத்தாளிலேயே அச்சிட்டு, முற்பகுதிக்கு அமைந்த பழைய உரையின் முறையைப் பின்பற்றி அதற்கு உரை வரையுமாறும், ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோடு ஒன்றும் இடத்தையும் வேறுபடும் இடத்தையும் காரணத்தோடு சுட்டுமாறும் கேட்டேன். நூலையும் கைபேசியையும் பயன்படுத்திக்கொள்ள இசைவும் தந்திருந்தேன். தேர்வறையில் ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, இதற்கான விடை எந்தப் பாடத்தில் இருக்கிறது?' என்று கேட்டார். அவர் குறும்பாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் எங்கோ ஒரு பாடத்தில் விடை ஆயத்தமாக இருக்கும் என்று அதுவரை பள்ளியும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பித்திருந்தன. அவ்வாறு கற்பித்தவருள் நானும் ஒருவன்.

அத்தேர்வில் மதிப்பெண்கள் சரிந்தன. தேர்ச்சி குறைந்தமைக்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முந்தைய தேர்வைப் பற்றி எவரும் விளக்கம் கேட்டதில்லை. இரு தேர்வுகளுக்கும் இடையில் மாணவர் மாறவில்லை, இணையமும் மாறவில்லை. வினா மட்டுமே மாறியது.

வருகைக் கணக்கும் தேர்ச்சிக் கணக்கும்

இணையப் பாடங்களை ஆதரிப்போர் பெரிதும் நம்புவது எண்ணிக்கையை. எத்தனை மாணவர் பதிவு செய்தனர், எத்தனை முறை உள்நுழைந்தனர், எத்தனை காணொளிகளைப் பார்த்தனர் என்பன எளிதில் எண்ணத்தக்கவை. மிகுதியாக உள்நுழைந்த மாணவரே மிகுதியான மதிப்பெண்ணும் பெற்றனர் என்று காட்டிவிட்டால், பாடத்தால் தேர்ச்சி விளைந்தது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இது காரண காரியத்தை மயங்கக் கொள்வதாகும். முயற்சியுடைய மாணவர் நூலகத்திற்கும் மிகுதியாகச் செல்வர். வகுப்புக்கும் தவறாது வருவர். இணையப் பாடத்தையும் மிகுதியாகத் திறப்பர். மதிப்பெண்ணும் மிகுதியாகப் பெறுவர். இவை அனைத்திற்கும் முயற்சியே காரணமாக இருத்தல் கூடும். அதனைத் தனியே பிரித்தறியாத எந்தக் கணக்கும் இணையப் பாடத்தின் பயனை நிறுவியதாகாது.

இவ்வாராய்ச்சி புதியதன்று. கல்வித் தொழில்நுட்ப அறிஞர் ரிச்சர்டு கிளார்க் 1983இல் எழுதிய கட்டுரையில், ஊடகம் என்பது பாடத்தைச் சுமந்துவரும் வண்டி போன்றதே, கற்றலைத் தருவது பயிற்றும் முறையேயன்றி வண்டி அன்று என்று வாதிட்டார். ராபர்ட் கோஸ்மா 1991இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்து, சில ஊடகங்களின் தனித்தன்மைகள் கற்போரின் சிந்தனைமுறைக்குத் துணைபுரியக் கூடும் என்றார். இவ்விருவருள் யார் கொள்கையை ஏற்பினும், மாணவர் பாடத்தைத் திறந்தார் என்பது மட்டும் அவர் கற்றார் என்பதற்குச் சான்றாகாது. திறந்து என்ன செய்தார் என்பதே வினா.

இவ்வினாவுக்கு உளவியலார் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒளி தருகிறது. ஓர் உரைப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின் வைத்த தேர்விலோ, படித்தபின் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே முந்தினர். தேர்வுக்கு முதல்நாள் இரவு இணையப் பாடத்தைப் பன்முறை படித்து மறுநாள் நல்ல மதிப்பெண் பெறும் மாணவர், அடுத்த பருவத்தில் அனைத்தையும் மறந்து நிற்பதன் காரணம் இதனால் ஒருவாறு விளங்குகிறது.

தமிழர்க்கு இது புதிய செய்தியும் அன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக உள்வாங்கினும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பயில்வதால் கிடைப்பது மற்றொரு கால் பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் கிடைப்பது எஞ்சிய அரைப் பங்கு. இன்று நடுவணரசின் சுவயம் தளத்தின் பாடங்களும் நான்கு கூறுகளாகவே அமைகின்றன: காணொளி விரிவுரை, எழுத்துவடிவப் பாடம், கலந்துரையாடல் மன்றம், தன்மதிப்பீடு. இந்நான்கனுள் முதலிரண்டும் ஆசிரியர் உரைப்பன. நான் கண்ட அளவில் நம் மாணவர் அவ்விரண்டோடு நின்றுவிடுகின்றனர். அவற்றுள்ளும் எழுத்துவடிவப் பாடத்தையே பெரிதும் நாடுகின்றனர். நன்னூலின் அளவுகோலால் அளந்தால் அவர்கள் பெறுவது கால் பங்கே. நம் வினாத்தாளோ அக்கால் பங்குக்கு முழு மதிப்பெண் வழங்கிவிடுகிறது.

தடை செய்வோர்க்கு ஒரு மறுப்பு

இனி, இணையப் பாடங்களை முற்றும் விலக்க வேண்டும் என்போரின் கூற்றை நோக்குவோம். ஒப்படைப்புகளில் இணைய மேற்கோள் கூடாது என்றும், நூலகம் சென்று குறிப்பெடுத்தவரே மாணவர் என்றும் இவர்கள் கூறுவர். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்க்கு இது எளிய அறிவுரை. தில்லியிலும் காசியிலும் தமிழ் பயிலும் மாணவர்க்கு அந்நூலகம் எங்கே உள்ளது? துறை நூலகத்தில் ஓர் அலமாரி நிற்கும். அதில் ஒரு தொகையின் முதல் தொகுதி இருக்கும், இரண்டாம் தொகுதி இராது. உள்ளூர்ப் புத்தகக் கடையில் சங்க நூற்பதிப்பு எதனையும் எதிர்பார்த்தல் இயலாது.

இந்நிலையில் உள்ள மாணவர்க்கு இணையம் செய்த உதவி சிறிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கி விலையின்றி வழங்கியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிய நிறுவனம் பாடங்களோடு உரைகளையும் அகராதிகளையும் மின்னூலகத்தில் சேர்த்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளை எட்டச் செய்தது. ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பின் வளர்ந்த சோத்கங்கா களஞ்சியம், பிற பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகளை நம் மேசைக்குக் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இன்று காசியிலிருக்கும் மாணவரும் ஒரு நொடியில் தேடிப் பார்க்கலாம். இவற்றையெல்லாம் விலக்குக என்பது தொலைவில் உள்ள மாணவரைத் தமிழிலிருந்தே விலக்குவதற்கு ஒப்பாகும்.

மேலும், ஆயத்த விடை இணையத்தோடு பிறந்ததன்று. வழிகாட்டி உரைநூல்களை மனப்பாடம் செய்து எழுதிய தலைமுறை எது? ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதி, அதனையே தேர்வில் திருப்பி எழுதி வகுப்பில் முதலிடம் பெற்றவர் எவர்? பழுப்பேறிய அக்குறிப்பேட்டைத் தாம் ஆசிரியரானபின் மீண்டும் வகுப்பில் படித்தவர் எவர்? நாம்தாம். அன்று அதனை உழைப்பு என்றோம். இன்று மாணவர் அதனையே இணையத்தில் செய்யும்பொழுது சோம்பல் என்கிறோம். மாறியது கருவி மட்டுமே.

இணையப் பாடங்களின் மெய்யான குறைகள்

இவ்வாறு கூறுவதால் இணையப் பாடங்கள் குறையற்றவை என்பது கருத்தன்று. அவற்றின் மெய்யான குறைகள் தமிழாய்வுக்குரிய கண்ணோட்டத்தால் மட்டுமே புலப்படுவன. தடை கோருவோர் அவற்றைச் சுட்டுவதில்லை. ஆதரிப்போர் அவற்றை அறிவதில்லை.

முதலாவது, பதிப்பு மறைகிறது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் பதிப்பு 1937இல் வந்தது. 1940இல் எஸ். வையாபுரிப்பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தது. இம்மூன்றும் வெவ்வேறு அறிவுழைப்புகள். இணையத்தில் வெறும் மூலமாகக் கிடைக்கும் குறுந்தொகை இவற்றுள் எதனைப் பின்பற்றியது என்பதைப் பல பாடங்கள் கூறுவதே இல்லை. பாடவேறுபாடு, ஒப்புமைப் பகுதி, மேற்கோளாட்சி எனச் சாமிநாதையர் அரிதின் தொகுத்தவை வெறும் மூலத்தில் உதிர்ந்துவிடுகின்றன. குறுந்தொகை என்பது எக்காலத்தும் ஒரே வடிவில் இருந்த நூல் என்ற மயக்கம் மாணவர்க்கு ஏற்படுகிறது.

இரண்டாவது, பாடம் எழுதியவரின் கருத்தும் உரையாசிரியரின் கருத்தும் நூலின் கூற்றும் ஒரே குரலில் கலந்துவிடுகின்றன. நச்சினார்க்கினியர் கொண்ட பொருளும் இளம்பூரணர் கொண்ட பொருளும் 'தொல்காப்பியம் கூறுகிறது' என்ற ஒற்றைத் தொடருள் அடங்கிவிடுகின்றன.

மூன்றாவது, ஒருங்குறி பரவுவதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சான கட்டுரைகளும் ஆய்வேடுகளும் தேடுபொறிக்கு எட்டுவதில்லை. தேடினால் கிடைப்பதே உள்ளது, கிடைக்காதது இல்லை என்று மாணவர் கருதிவிடுகின்றனர்.

இக்குறைகளுக்கும் மருந்து இணையத்திலேயே உள்ளது. பழைய பதிப்புகள் பலவற்றின் பக்கப் படிமங்கள் இன்று மின்னூலகங்களில் கிடைக்கின்றன. வெறும் மூலத்தை அப்படிமங்களோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு மாணவரைப் பணிக்கலாம். நாம் பணிப்பதில்லை, நம் வினாவும் அதனைக் கோருவதில்லை.

எதிர்வாதங்களும் விடைகளும்

தேசியத் தகுதித் தேர்வு இவ்வகை வினாக்களைக் கேட்பதில்லையே என்பது முதல் எதிர்வாதம். உண்மை. 2012 சூன் முதல் அத்தேர்வின் மூன்று தாள்களும் கொள்குறி வினாக்களாயின. 2018 டிசம்பர் முதல் இரு தாள்களாகக் கணினிவழி நடைபெறுகிறது. உதவித்தொகையும் ஆசிரியப் பணியும் அத்தேர்வைச் சார்ந்திருக்கையில், நூலின் பெயரும் ஆண்டும் எண்ணும் மனப்பாடம் ஆக வேண்டும் என மாணவர் விரும்புவது இயல்பு. ஆயின் கொள்குறித் தேர்வுக்கு வேண்டிய செய்தியை இணையப் பாடமே நன்கு தந்துவிடுகிறது. அதனையே வகுப்பிலும் உள்தேர்விலும் மீண்டும் செய்வதற்கு ஓர் ஆசிரியர் எதற்கு? தகுதித் தேர்வு அளவாத திறனை அளப்பதே துறைத்தேர்வின் கடமை.

விடைத்தாள் திருத்தும் சுமை பெருகும் என்பது இரண்டாம் எதிர்வாதம். நூற்றுக்கணக்கான தாள்களைச் சில நாள்களில் திருத்த வேண்டிய இணைப்புக் கல்லூரித் தேர்வுகளில் இது மெய்யான இடர்ப்பாடு. தமிழகத்திற்கு வெளியே உள்ள துறைகளில் வகுப்புகள் சிறியவை. சிறுமை நமக்கு எப்பொழுதும் குறையாகவே சொல்லப்படுகிறது. ஒவ்வொரு விடையையும் பொறுமையாகப் படிக்க இயல்வதே அச்சிறுமை தரும் வாய்ப்பு.

2020இல் பெருந்தொற்றால் வகுப்பறைகள் மூடப்பட்டபொழுதே இவையெல்லாம் நமக்கு விளங்கியிருக்க வேண்டும். அவ்வாண்டு தில்லிப் பல்கலைக்கழகம் உட்பட, நூலைத் திறந்துவைத்து எழுதும் தேர்வுகள் இணையவழி நடைபெற்றன. நூல் திறந்திருக்கையில் நினைவை மட்டும் அளக்கும் வினா பொருளற்றுப்போகும். அவ்வுண்மையை எதிர்கொண்டு வினாவைத் திருத்துவதற்கு மாறாக, வகுப்பறை திறக்கும் நாளுக்குக் காத்திருந்து பழைய வினாத்தாளுக்கே திரும்பினோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அத்திரும்புதலும் பயனற்றதாயிற்று. 'சிறப்பிடத்தை விளக்குக' என்ற வினாவுக்கு இன்று இயந்திரமே கோவையாகக் கட்டுரை எழுதிவிடுகிறது. இயந்திரம் எழுதக்கூடிய விடையை மாணவரிடம் கேட்டு, பிறகு அவர் இயந்திரத்தை நாடினார் என்று குற்றஞ்சாட்டுவது முறையன்று.

செய்யத்தக்கன

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 20 விழுக்காடு வரை சுவயம் வழிப் பெற இசைந்தது. 2021இல் அவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. எஞ்சும் பங்கில் துறை எதனைத் தருகிறது என்று நிருவாகம் கேட்கும் நாள் வரும். 'இணையப் பாடம் தருவதையே நாங்களும் தருகிறோம்' என்பது நம் விடையாயின், வெளிமாநிலத் துறைகளை மூடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டா. ஆதலின் பின்வருவனவற்றைத் துறைகளின் முன் வைக்கிறேன்.

1. இலக்கியத் தாள்களில் குறைந்தது பாதி மதிப்பெண், வினாத்தாளிலேயே அச்சிட்ட மூலப்பகுதியைப் படித்து விடை எழுதும் வினாக்களுக்கு உரியதாகுக.

2. ஒப்படைப்புகளில் இணைய மேற்கோளைத் தடுக்காது, எப்பதிப்பு, எவர் உரை, எந்தப் பக்கம் என்பவற்றைக் கட்டாயமாக்குக. பதிப்பு அறிய இயலாத மூலத்தைப் பக்கப் படிமத்தோடு ஒப்பிட்ட குறிப்பும் உடன் அமைக.

3. இணையப் பாடத்தை மாணவர் வீட்டில் படித்து வருக. வகுப்பு நேரம், அவர் அதனை உடன் பயில்வார்க்கு எடுத்துரைக்கவும் மறுக்கவும் உரியதாகுக. நன்னூல் கூறும் எஞ்சிய முக்கால் பங்கு அங்கேதான் உள்ளது.

4. தமிழ்த்துறைகள் தத்தம் வினாத்தாள்களை இத்தகைய ஆய்விதழ்களில் வெளியிட்டு ஒருவர் மற்றவரைத் திறனாய்வு செய்க. ஆய்வேட்டைப் பிறர் மதிப்பிட இசையும் நாம், வினாத்தாளை மட்டும் மறைத்து வைப்பது ஏன்?

நிறைவுரை

இணையப் பாடங்களால் தேர்ச்சி உயர்கிறதா, தாழ்கிறதா என்ற வினாவுக்கு, தேர்ச்சி என்று எதனைக் கொள்கிறோம் என்று தெளியும் வரை விடை இல்லை. திருப்பி எழுதுவதைத் தேர்ச்சி என்று கொண்டால் இணையப் பாடம் வென்றுவிட்டது. அதனோடு போட்டியிட ஆசிரியரால் இயலாது. ஒரு பாடலை முன்வைத்தால் அதனைத் தானே படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலைத் தேர்ச்சி என்று கொண்டால் இணையப் பாடம் நல்லதொரு துணை. அதற்குமேல் செய்ய வேண்டியவை அனைத்தும் ஆசிரியர் கையிலேயே உள்ளன.

விடை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று கேட்ட மாணவர், அதே பருவத்தின் இறுதியில் ஒரு பாடலுக்கு உரை எழுதிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் துரைசாமிப் பிள்ளையின் உரையை மறுத்திருந்தார். அம்மறுப்பு தவறானது, காரணத்தோடு விளக்கிச் சொன்னேன். ஆயினும் அவர் எழுதியவற்றுள் எந்த இணையப் பாடத்திலும் இல்லாத முதல் வாக்கியம் அதுவே. அதற்கு மதிப்பெண் தர நம் மதிப்பீட்டு முறையில் இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்குவது நம் கடமை.